ஓரமில்லாத கரியூர்

கரித்துகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு விளக்குச் சுடரின் நுனியில் கரிகளின் ஊர் ஒன்று இருந்தது. கரி ஒவ்வொன்றுக்கும் நாலு கை. மூன்று கையால் அக்கம்பக்கத்தாரைப் பிடித்துக்கொள்ளும். நாலாவது கை ஊர்வம்பைக் கடத்துவதற்கு. ஆறு பேர் வட்டமாகக் கைகோத்தால் ஒரு வீடு. வீட்டோடு வீடு ஒட்டி, ஊரே பாய் விரித்த மாதிரி தட்டையாகக் கிடந்தது.

காரிச்சியின் வீடு ஊரின் ஓரத்தில். அதற்கப்பால் ஆளில்லாததால் அவளுடைய ஒரு கை எப்போதும் சும்மா தொங்கும். அதுதான் வினை. பிராணவாயுக்காரர்கள் இரண்டிரண்டு பேராகச் சுற்றி வருவார்கள். தொங்கும் கை கண்ணில் பட்டால் போதும், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போய்விடுவார்கள். போனவர் யாரும் திரும்பியதில்லை. பக்கத்துவீட்டு உமிச்சி ஒரு வம்பைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனாள். மீதி என்னவென்று காரிச்சிக்குத் தெரியவே இல்லை.

அழுகையும் ஆத்திரமுமாக அவள் ஊர்ப் பெரியவர் மையாண்டியிடம் ஓடினாள். அவருக்கு ஊரின் நட்டநடு வீடு.

"அண்ணே, ஓரத்துல ஆள் குறைஞ்சுகிட்டே வருது."

"ஊர்னு இருந்தா ஓரம்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா."

"ஒரு நாள் நீங்க வந்து உக்காந்து பாருங்களேன்."

"எனக்குக் காத்து ஒத்துக்காது. சளி பிடிக்கும்."

காரிச்சிக்கு எங்கிருந்துதான் அந்த பலம் வந்ததோ, மையாண்டியைப் பிடித்து வீட்டைவிட்டு வெளியே இழுத்துப் போட்டாள்.

மிச்சமிருந்த ஐந்து பேரும் பயந்துபோய், இடைவெளி தெரியாமல் சட்டென்று கைகோத்துக்கொண்டார்கள். ஆறு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர். இறுக்கம் தாங்காமல் தரை குழிந்தது. ஊரின் ஓரமெல்லாம் கிண்ணத்து விளிம்பு போல மேலே எழும்பியது. காரிச்சி இதுவரை பார்த்தேயிராத எதிர்ஓரத்துக்காரி ஒருத்தி எதிரே தெரிந்தாள். அவளுக்கும் ஒரு கை சும்மா தொங்கிற்று.

காரிச்சிக்குப் புரிந்துவிட்டது. "இன்னும் சில வீட்டுலேர்ந்து வீட்டுக்கொருத்தர் எழுந்து ஓரத்துக்கு வாங்க!" என்று கத்தினாள்.

வீடுகள் ஒவ்வொன்றாக ஐந்து பேராகச் சுருங்கச் சுருங்க, கிண்ணம் பானையானது. பன்னிரண்டாவது வீடும் சுருங்கியபோது பானையின் வாயும் குவிந்தது. எதிரெதிர் ஓரத்துக்காரர்கள் ஒருவரையொருவர் எட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஓர் ஆள் நுழையத்தான் இடம் பாக்கி. வெளியே நின்றதும் ஒரே ஆள்தான்.

"அண்ணே, கையைக் குடுங்க!" என்றாள் காரிச்சி.

"நடுவுல இடம் இருந்தா சொல்லு, வர்றேன்."

"வர்றீங்களா, வானத்துக்குப் போறீங்களா?"

பிராணவாயுக்காரர்களின் மூச்சு தோளில் பட்டதும் மையாண்டி மூன்று கையையும் ஒரே நேரத்தில் நீட்டினார். மூவர் பிடித்து உள்ளே செருகினார்கள். பானை பந்தாக மூடிக்கொண்டது. எண்ணிப் பார்த்தால் சரியாக அறுபது பேர். வந்த பிராணவாயுக்காரர் இருவரும் மூன்று சுற்று சுற்றினார்கள். தொங்கும் கை ஒன்றுகூட அகப்படாமல் போய்விட்டார்கள்.

இதைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வீட்டிலிருந்து ஆளைக் கிளப்ப மனம் வரவில்லை. ஊரையே பாய் மாதிரி சுருட்டிக் குழாயாக்கிக்கொண்டார்கள். இரும்பே வெட்கப்படும் பலம் அதற்கு. இன்னொரு ஊரில் யார் எழுந்து போவது என்ற பேச்சு முடியவே இல்லை. அவர்கள் தட்டையாகவே அடுக்கடுக்காகக் கிடந்து, பென்சிலுக்குள் போய், தேய்க்கும்போதெல்லாம் வழுக்கி விழுகிறார்கள்.

காரிச்சி முதல்முறையாக நிம்மதியாகக் கண்ணை மூடினாள். மையாண்டி விடவில்லை.

"எல்லாம் சரி, இதுல நடு எது?"

"எல்லா இடமும் நடுதான், அண்ணே."

அவர் நம்பவில்லை. கொஞ்சம் திரும்பினால் தெரியும் என்று பந்தை ஓர் உந்து உந்தினார். தெரியவில்லை. இன்னொரு உந்து.

அன்று பிடித்த சுற்றுதான். விளக்குக்கரிக்குள் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும் அந்த அறுபது பேர் பந்து இன்றும் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கிறது.