நல்விவேகபுரத்தார் பழைய மனுஷனைத் தூக்கிப் போட்டது

தேரிக்காட்டின் செம்மண்ணுக்கும் கடற்கரைக்கும் நடுவில் நல்விவேகபுரம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்தப் பெயரை வைத்த வெள்ளைக்கார மிஷனரி, ஊருக்குள் வராமல் எல்லையில் குதிரைமேல் இருந்தபடியே வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே வந்து நாலு பேரிடம் பேசியிருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார்.

ஊரில் ஒரு சர்ச்சு உண்டு, சொந்தமாகப் போதகர் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறன்று மட்டும் போதகர் ஞானசிகாமணி டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து பிரசங்கம் செய்வார். மற்ற நாட்களில் உபதேசியார் வேதமுத்துதான் ஆராதனை நடத்துவார். போதகர் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஊர் செய்கிறதா என்று பார்ப்பது தன் பொறுப்பு என்று அவர் நினைத்திருந்தார். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு முறை போதகர், "உங்க நெஞ்சிலே முளைச்சிருக்கிற களையை ஒண்ணு விடாமல் பிடுங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடியில் எதிரெதிராக உட்கார்ந்து, முள்வாங்கியால் ஒருவர் நெஞ்சை ஒருவர் பிடுங்கினார்கள். அலறல் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டது. மணியடிக்கிற துரைப்பழத்துக்கு இருபத்திரண்டு வயது; நெஞ்சு வழித்துவிட்ட வாழையிலை மாதிரி இருக்கும். "எல்லாருக்கும் பாவம் இருக்கு, எனக்கு மட்டும் பிடுங்க ஒண்ணுமில்லையே" என்று அவன் ஓரமாக உட்கார்ந்து அழுதான்.

அடுத்த மாதம் வந்த போதகர், முளைக்க முளைக்கப் பிடுங்கியதில் பெஞ்சு பெஞ்சாகச் சிவந்து வீங்கிய வெற்று நெஞ்சுகளைப் பார்த்து ஊரில் அம்மை போட்டிருக்கிறது என்று பயந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டபின் இன்னும் பயந்தார். ஆகவே இந்த முறை உவமையெல்லாம் இல்லாமல் பச்சையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"குடி, பொறாமை, புறணி, கோபம்! இதெல்லாம் யார் செய்யிற வேலை?" என்று அவர் மேஜையைத் தட்டினார். "பழைய மனுஷன் செய்யிற வேலை! அவன் இருக்கிற வரைக்கும் நீங்க விசுவாசத்திலே ஓர் அங்குலம் வளர மாட்டீங்க. அவனைத் தூக்கி வெளியே போடுங்க!"

மனுஷனுக்குள் இருக்கிற பாவ சுபாவத்துக்கு வேதம் வைத்த பெயர்தான் பழைய மனுஷன் என்று சபைக்குத் தெரிந்திருக்கும் என நம்பி, அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். சபையார் யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் மெல்லத் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே மாசிலாமணிப் பாட்டையா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டு வயது. ஊரில் அவரைவிடப் பழைய மனுஷன் கிடையாது.

"அப்ப இவருதானா காரணம்?" என்றார் வேதமுத்து. "எலிசாவோட எருமையைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. என் பாவம்னுல்லா நினைச்சு ரெண்டு வருஷமா முழங்காலிலே நிக்கேன்!"

எருமைக்காரன் எலிசா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் குடிக்கிறதும் இவராலேதானாவே? என் பொண்டாட்டி இத்தனை நாளா ஆள் தெரியாம என்னை ஏசிட்டாளே."

பாட்டையாவை எழுப்பினார்கள்.

"பாட்டையா, உம்மைத் தூக்கி ஊருக்கு வெளியே போடப்போறோம். ஐயா சொல்லிட்டாவ."

பாட்டையா ஒரு சிட்டிகை பொடி போட்டு யோசித்தார். "தூக்கியா? நான் நடக்க வேண்டாமா?"

"நடக்கவே கூடாது."

"சாப்பாடு?"

இது யாரும் எதிர்பாராத கேள்வி. ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "சாப்பாட்டைப் பத்தி ஐயா ஒண்ணும் சொல்லலை. அதனாலே தடையில்லை."

"அப்ப கட்டில்லே மெத்தையை விரிங்கலே."

நார்க்கட்டிலை நாலு பேர் தோளில் ஏற்றினபோது உபதேசியாரின் மனைவி நவமணி ஓடிவந்து மறித்தாள். "எண்பத்தெட்டு வயசு மனுஷனைக் காட்டிலே கொண்டு போடுதியளே, புத்தி இருக்கா உங்களுக்கு?"

"புத்தி பழைய மனுஷனோட சரக்கு" என்றார் வேதமுத்து. "நமக்கு விசுவாசம் போதும்."

ஊர் எல்லைக்கு அப்பால் ஒரு பனங்காடு. அதில் பதநீர் காய்ச்சுகிறவர்கள் விட்டுப்போன ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. பாட்டையாவை அங்கே இறக்கி, ஒரு பாட்டுப் பாடி, திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். அவர் காற்று நன்றாக வருகிறது என்று புரண்டு படுத்தார்.

மறுநாள் காலை வேதமுத்து முதல் வேலையாக எலிசாவின் தொழுவத்துக்குப் போய் எருமையின் முன்னால் நின்றார். எருமை அவரைப் பார்த்தது. அவர் எருமையைப் பார்த்தார். வயிறு எரிந்தது. முந்தின நாளைவிட ஒரு பங்கு கூடவே எரிந்தது, ஏனென்றால் அன்றைக்கு அது கூடுதலாகப் பால் கறந்திருந்தது.

அவசரமாகக் கூட்டம் கூடியது.

"பழைய மனுஷனை நேத்தே போட்டோமே, பொறகு ஏன் எரியுது?" என்றார் வேதமுத்து.

எலிசா வெகுநேரம் தாடையைத் தடவிவிட்டுச் சொன்னான்: "நேத்து ரெண்டாவது பழைய மனுஷன் யாரு? தங்கையாத் தாத்தா. பாட்டையா போனதும் அவரு முதலாவது ஆயிட்டாரு. அப்ப பழைய மனுஷன் இன்னும் போகலை. ஆள்தான் மாறியிருக்கான்."

"எவ்வளவு தந்திரம் பாரும்!" என்று சபை திகைத்தது.

தங்கையா லேசில் வரவில்லை. சர்ச்சுத் தூணைக் கட்டிக்கொண்டு, "எனக்கு எண்பத்தொண்ணு இல்லைவே, எழுபத்தொம்பதுதான்" என்று கதறினார். எழுபத்தொன்பது ஆனாலும் அவர்தான் மூத்தவர் என்று விளக்கிச் சொல்லி, விரல் விரலாகப் பிரித்துத் தூக்கிப் போனார்கள். அதற்கு மறுநாளும் வயிறு எரிந்தது. அடுத்த பழைய மனுஷன் போனார். அதற்கும் மறுநாள் இன்னொருவர். நாளுக்கு ஒருவராகக் கட்டில் போய்வந்தது.

இடையில் சில சந்தேகங்கள் எழுந்தன. கிழவிகளையும் தூக்குவதா? போதகர் மனுஷன் என்றுதான் சொன்னார், மனுஷி என்று சொல்லவில்லை என்று விட்டுவிட்டார்கள். சின்னப் பையன்கள்? பதினெட்டு வயது ஆகாதவன் மனுஷக் கணக்கில் வரமாட்டான் என்று வேதமுத்துவே தீர்ப்புச் சொன்னார். அது தன் கழுத்துக்கே வரும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

ஒன்பதாம் நாள் காலையில் கட்டில் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. உபதேசியாருக்கு ஐம்பத்தாறு வயது.

"யாருக்கு ஐம்பத்தாறு?" என்று வேதமுத்து நிமிர்ந்து நின்றார். "நான் மனந்திரும்பி மறுபடியும் பிறந்தது நாப்பதாவது வயசிலே. சபையே சாட்சி. அந்தக் கணக்குப்படி எனக்கு இப்ப பதினாறுதான்."

தூக்க வந்தவர்கள் கட்டிலைக் கீழே வைத்தார்கள். மறுக்க முடியாத பேச்சு. எலிசா மட்டும் தாடையைத் தடவினான்.

"பதினாறுன்னா உபதேசியார் பையன்லா. பையன் எப்படி சபைக்கு உபதேசம் பண்ண முடியும்? இனிமே நீரு சின்னப்பிள்ளைகளோட பாயிலே உக்காந்து மனப்பாட வசனம் ஒப்பிக்கணும்."

"ஒப்பிச்சுட்டுப் போறேன்."

உள்ளேயிருந்து நவமணி வந்தாள். "பதினாறு வயசுப் பையனுக்கா நான் இருவத்தஞ்சு வருஷமா பொங்கிப் போடுதேன்? போலே, போய் அந்த ஆட்டுக்குட்டியை அவுத்து மேயவிடு. தலையை ஒழுங்கா வாரு."

வேதமுத்து ஒரு நாள் பதினாறு வயதாக இருந்து பார்த்தார். ஆடு மேய்த்தார். மனப்பாட வசனத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அவரைத் தோற்கடித்தாள். சாயங்காலம் நவமணி காதைப் பிடித்துக் கால் கழுவச் சொன்னாள். விடிந்ததும் அவரே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஐம்பத்தாறே இருக்கட்டும், தூக்குங்க" என்றார்.

அதற்குப் பிறகு எருமையைப் பார்த்துச் சோதிக்க ஆள் இல்லை. நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை. ஆகவே வேலை தொடர்ந்தது.

பனங்காட்டில் தாயக்கட்டை உருண்டது. பெண்கள் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். ஊருக்குள்ளே சண்டை இல்லை, குடித்துவிட்டுக் கத்துகிறவன் இல்லை, பாதி ஆராதனையில் குறட்டை இல்லை. நல்விவேகபுரம் அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். எலிசாவுக்கு இருபத்தொன்பது. துரைப்பழம் அவனை முதுகில் சுமந்துபோய்ப் பனங்காட்டில் இறக்கிவிட்டு வந்தான். ஊருக்குள் நுழைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது: இப்போது ஊரிலேயே பழைய மனுஷன் அவன்தான்.

அவன் கடமை தவறாதவன். கட்டிலைச் சர்ச்சு வாசலில் போட்டுப் படுத்துக்கொண்டு தன்னைத் தூக்கப் பார்த்தான். படுத்தபடி தூக்கினால் கட்டில் அசையவில்லை. இறங்கித் தூக்கினால் கட்டில் வந்தது, அதில் ஆள் இல்லை. இப்படியே இரண்டு நாள் போராடினான்.

முதல் ஞாயிறு வந்தது. போதகர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு சர்ச்சுக்குள் போனார். பெண்கள் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஆம்பளைங்க எல்லாம் எங்கேம்மா?"

"வாசல்லே கட்டில்லே ஒருத்தன் கிடக்கான், அவன்கிட்டக் கேளுங்கையா" என்றாள் நவமணி. "எங்களை ஒண்ணும் கேக்காதீங்க. இப்பத்தான் நிம்மதியா இருக்கோம்."

துரைப்பழம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஐயா, ஒரு கை பிடிச்சீங்கன்னா நானும் போயிருவேன்" என்றான்.

போதகர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவிகளா! பழைய மனுஷன் வெளியே இல்லைடா! உள்ளே இருக்கான், உள்ளே! ஓடிப்போய் அவங்ககிட்டச் சொல்லு!"

துரைப்பழம் ஒரே ஓட்டமாகப் பனங்காட்டுக்கு ஓடினான். "நாம ஆளைத் தப்பாப் பிடிச்சிட்டோமாம்! பழைய மனுஷன் இன்னும் உள்ளேதான் இருக்கானாம். ஐயாவே சொன்னாவ!"

தாயக்கட்டை நின்றது.

"உள்ளே இப்ப யாருலே இருக்கா?" என்று கேட்டார் வேதமுத்து.

"ஆம்பளைன்னா ஐயா மட்டுந்தான்."

"தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்காரே" என்றார் வேதமுத்து. "எப்பேர்ப்பட்ட தாழ்மை!"

ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து ஊருக்குள் போனார்கள். போதகர் கையை உதறினார், காலை உதறினார், விளக்கம் சொன்னார். பெரிய மனுஷர்களுக்கு இந்தக் கடைசி நேரத்தில் கூச்சம் வருவது சகஜம்தான் என்று ஆளுக்கு ஆள் ஆறுதல் சொல்லிக் கட்டிலில் கிடத்தித் தூக்கிவந்தார்கள். கொட்டகையில் மாசிலாமணிப் பாட்டையா நகர்ந்து இடம் கொடுத்தார். "காத்து இந்தப் பக்கமா வரும், இப்படிப் படும்."

போதகர் எழுந்து உட்கார்ந்து ஆத்திரத்தோடு கத்தினார்: "பழைய மனுஷனைத் தூக்கிப் போட்டா மட்டும் போதாது! புது மனுஷனை எடுத்து உடுத்திக்கணும்! அது தெரியுமா உங்களுக்கு?"

அது யாருக்கும் தெரியாது. எல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து தீவிரமாக யோசித்தார்கள்.

"ஊரிலேயே புது மனுஷன் யாரு?" என்றார் வேதமுத்து.

"துரைப்பழம்" என்றான் எலிசா.

"அவனை எப்படி உடுத்துறது? வேட்டியாவா, சட்டையாவா?"

"சட்டைக்குக் கை பத்தாது. துண்டாப் போட்டுக்கலாம்."

துரைப்பழம் தடை ஒன்றும் சொல்லவில்லை. அவனைத் தூக்கி வேதமுத்துவின் தோளில் குறுக்கே போட்டு, முன்னால் கையும் பின்னால் காலும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்தார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது. உள்ளது ஒரே புது மனுஷன், உடுத்தவேண்டியவர்கள் நிறையப் பேர் என்பதால் நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்தார்கள். பாட்டையாவுக்குத் தரையில் இழுபட்டதால், அவருக்கு மட்டும் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் எலிசா தன் முறைக்கு அவனை எடுத்து முகர்ந்து பார்த்து, வேர்வை நாற்றம் அடிக்கிறது என்றான். உடனே எல்லாரும் துரைப்பழத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டுத் தேய்த்து அலசினார்கள். பிழிவதா வேண்டாமா என்று ஒரு மணிநேரம் விவாதம் நடந்தது. பிழிந்தால் சுருங்கிவிடும் என்று விட்டுவிட்டு, இரண்டு பனைக்கு நடுவே கொடி கட்டி, நல்ல வெயிலாகப் பார்த்து அதில் அவனைத் தொங்கப்போட்டார்கள்.

துரைப்பழம் கொடியில் தலைகீழாகத் தொங்கியபடி பதறிப்போய்க் கத்தினான்: "ஏ, நிழல்லே காயப்போடுங்கவே! சாயம் போயிரப்போகுது!"