விளக்கெண்ணெய்க் கேசரி

ஓர் அரசுத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திப் பிழைத்துவந்தாள் தில்லையம்மாள். புதிதாக வந்த இயக்குநர் குலசேகரன், பணமில்லை என்று மளிகைச் செலவை வெட்டினார்.

"நெய்யும் முந்திரியும் எதுக்கும்மா? வீட்ல பாக்கறவங்களுக்கு ருசியா தெரியப்போகுது? பளபளன்னு இருந்தாப் போதும். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மறுநாள் நேரலை. மைதாப் பசையில் கேசரிப் பவுடரைக் கரைத்து, விளக்கெண்ணெய் ஊற்றி, பளபளவென்று இறக்கினாள். கடைசியில் யாராவது ருசி பார்ப்பது வழக்கம்.

"இன்னிக்கு நம்ம இயக்குநர் சாரே சாப்பிட்டுச் சொல்வார்!"

டிவியில் வரும் ஆசையில் தலையைச் சீவிக்கொண்டு ஓடிவந்தார் குலசேகரன். ஒரு வாய் போட்டதும் கண் பிதுங்கியது.

தில்லையம்மாள் மைக்கைப் பொத்திக்கொண்டாள். "முழுங்கிடுங்க சார். ருசிதான் தெரியாது, மூஞ்சி நல்லாத் தெரியும்."

"பிரமாதம்!" என்றார், கண்ணீரோடு.

மறுநாள் காலையிலேயே நெய் டின் வந்து இறங்கியது.