கட்டைவிரல் அளவுக் கோட்டை

வெட்டுக்குளம் கோட்டையில் நாற்பது வீரர்களும் ஒரு தளபதியும் இருந்தார்கள். புத்தி மட்டும் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் வெளியூர் போயிருக்கும். தளபதி தாண்டவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. சொந்தமென்று அவருக்கு இருந்தவை இரண்டு: இடுப்பில் கோட்டைச் சாவி, முகத்தில் முறுக்கு மீசை.

ஒரு நாள் பெரிய ராஜாவிடமிருந்து ஓலை வந்தது. 'உன் கோட்டையை ஆட்களோடு அப்படியே சிறிதாகச் செய்து வை. ஆள் உயரத்துக்கு ஒரு கட்டைவிரல் அளவு. ஆவணி முதல் நாள் என் கண்காணி வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நீ எருமை மேய்க்கப் போகலாம்.'

தாண்டவனுக்கு எருமை என்றால் பயம். சிறு வயதில் ஒன்று அவரை முறைத்துப் பார்த்திருந்தது.

மூன்று மாதம் பாடுபட்டார்கள். களிமண்ணில் மதில், மூங்கில் சிம்பில் ஈட்டி, ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை, வண்ணம் தீட்ட அணில்வால் முடியில் தூரிகை. ஓலையில் 'மயிரிழை' என்று இருந்ததால் குப்பாண்டி என்ற வீரன் எல்லோருடைய தலைமயிரையும் எண்ணப் போனான். ஏழாவது ஆளிடம் கணக்குத் தப்பியது. அதனால் நாற்பது பேருக்கும் மொட்டையடித்து, பொம்மைகளையும் மொட்டையாகவே செய்துவிட்டார்கள்.

ஆடி கடைசி நாள். ஒச்சப்பன் என்ற வீரன் தளபதியின் பொம்மைக்கு மீசை தீட்டிக்கொண்டிருந்தான். தும்மல் வந்தது. வலது மீசை காது வரை நீண்டது, இடது மீசை அழிந்தே போயிற்று.

"அழிச்சுட்டுத் திருப்பி எழுதுடா," என்றார் தாண்டவன்.

"எழுதினா காய மூணு நாளாகும் தளபதி. கண்காணி நாளைக்கு வர்றாரு."

குப்பாண்டி யோசித்துச் சொன்னான்: "உங்க மீசைக்கு அந்தத் தொல்லை இல்லியே. சிரைச்சா சிரைச்சதுதான்."

இதில் தப்புக் கண்டுபிடிக்கத் தாண்டவனால் முடியவில்லை. இடது மீசையைச் சிரைத்தார்கள். வலது மீசையைக் கரியால் காது வரை இழுத்தார்கள்.

மத்தியானம் ஒரு பூனை வந்து பொம்மைக் கோட்டையின் வடக்கு மதில்மேல் படுத்தது. மதில் விழுந்தது.

"ஒட்டினா காயாது," என்றான் ஒச்சப்பன். "நெசமதிலை இடிச்சா பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எதிரி வந்தா என்னடா பண்றது?"

"எதிரி வந்தா மதிலைத்தான் இடிப்பான். கண்காணி கோட்டையையே எடுத்துக்குவாரு. யாருக்குப் பயப்படணும், நீங்களே சொல்லுங்க."

மதிலை இடித்தார்கள். பூனையையும் விரட்டினார்கள். நிஜக் கோட்டையில் படுக்கவைக்க அதே கணக்கில் அவ்வளவு பெரிய பூனைக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

தாண்டவன் இரண்டு கோட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் பொம்மைதான் கோட்டையைப் போல இருக்க வேண்டியிருந்தது. அது எப்போது மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. பொம்மைத் தளபதியின் முகத்தில் இருந்த தெளிவு தன் முகத்தில் இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

மறுநாள் கண்காணி வந்தார். மொட்டைத் தலைகளைப் பார்த்தார், அரை மீசையைப் பார்த்தார், இல்லாத மதிலையும் பார்த்தார். பிறகு பொம்மைக் கோட்டையைக் குனிந்து குனிந்து அளந்தார்.

"அதிசயம்தான்! ஒரு வித்தியாசமும் இல்லை. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

தாண்டவன் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனசாட்சி உறுத்தியது.

"ஒண்ணு இருக்குங்க எசமான்."

"என்ன?"

"நீங்கதான். இங்க நிக்கறீங்க, அதுல இல்லீங்க."

கண்காணிக்கு உள்ளூரப் பெருமை. தன் பொம்மை காயும் வரை மூன்று நாள் தங்கினார். தொந்தியும் தலைப்பாகையுமாகப் பொம்மை அழகாகவே வந்தது. நாலாம் நாள் அதை எடுத்து வைக்கும்போது ஒச்சப்பனுக்கு மறுபடி தும்மல். இடது கால் முழங்காலோடு ஒடிந்தது.

எல்லோரும் பொம்மையின் காலைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் கண்காணியின் காலைப் பார்த்தார்கள்.

"ஒட்டினா காய மூணு நாளாகும்," என்றான் குப்பாண்டி. "கோடாலி எடுத்தாறேன்."

"எசமானுக்கு வலிக்காதாடா?"

"பொம்மை ஒண்ணும் சொல்லலியே தளபதி."

கண்காணி வடக்குப் பக்கமாக ஓடினார். அங்கே மதில் இல்லாதது அவருக்கு வசதியாக இருந்தது.

அதன்பின் பெரிய ராஜாவிடமிருந்து யாரும் வரவில்லை. பொம்மையின் காலை நிதானமாக ஒட்டிக் காயவைத்து, கண்காணி ஓடியபடியே அதையும் பொம்மைக் கோட்டைக்கு வடக்கே வெளியில் வைத்தார்கள்.

"எசமான் இப்ப எங்கடா இருப்பாரு?" என்று கேட்டார் தாண்டவன்.

"ஓடிக்கிட்டுத்தான் இருப்பாரு. யாரும் நிக்கச் சொல்லலியே."

அன்று முதல் தாண்டவன், கண்காணி ஓடியிருக்கும் தூரத்துக்கு ஏற்ப, அளவு தப்பாமல் பொம்மையை வடக்கே நகர்த்தி வைக்கிறார். போன மாதம் அது குளக்கரையைத் தாண்டியது. இப்போது மேய்ச்சல் காட்டில், எருமைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறது. அவரும் இடுப்பில் சாவியோடு, அரை மீசையோடு, பயத்தை அடக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறார்.

"என்ன தளபதி, எருமை மேய்க்கறீங்களா?" என்று வழியில் யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

"கண்ணு தெரியலியா? கோட்டையைக் காத்துக்கிட்டிருக்கேன்!"