ஒரு வெற்றிலை அகலம்

ஞானியர் மலையுச்சியில் வசிப்பார்கள் என்பது பரவலான நம்பிக்கை. ஆழ்ந்த வருத்தத்தோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. உச்சியில் தண்ணீர் நிற்பதில்லை. ஞானியரும் குளிக்க வேண்டியவர்களே.

உலகம்மை தாமிரபரணிக் கரையில் இருந்தார். வயது நாற்பது. வலியோடு வருகிறவர்களைத் தங்க வைத்து, தண்ணீரால் வைத்தியம் செய்வார். பேச்சு குறைவு.

அவரைவிட இருபத்தாறு வயது மூத்த ஆவுடையப்பன் ஒருநாள் வந்து நின்றார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“முதுகு நடுவில் வலி அம்மா. மூன்று வருஷமாகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை.”

“வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“நான்தான்.”

“அப்புறம்?”

“வலி.”

உலகம்மை அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

“யாரிடமும் போய் நிற்காமல் வாழ்ந்துவிட்டேன் அம்மா. மிச்சத்தையும் அப்படியே கழித்துவிட வேண்டும். அதற்கு இந்த முதுகு சரியாக வேண்டும்.”

உலகம்மை வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்தார். பிறகு, வேப்பெண்ணெய் விட்டுக் குழைத்த புற்றுமண்ணை இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஒரு வெற்றிலை அகலத்துக்கு அப்பினார்.

“காய்ந்ததும் ஆற்றில் இறங்குங்கள். மண் முழுதும் போக வேண்டும். கையால்தான் தேய்க்க வேண்டும். போன பிறகு வாருங்கள், மற்றதைப் பார்க்கலாம்.”

மேலிருந்து நீட்டினாலும் கீழிருந்து வளைத்தாலும் ஆவுடையப்பனின் கை அந்த வெற்றிலைக்குப் போய்ச் சேரவில்லை. இந்தக் குறையைப் பற்றி உடற்கூறு நூல்கள் ஏன் ஒரு வரிகூட வருத்தப்படவில்லை என்று தெரியவில்லை.

முதல் நாள், ஆளில்லாத மேல்துறையில் கழுத்தளவு நீரில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார்.

உலகம்மை முதுகைப் பார்த்தார். “இருக்கிறது.”

இரண்டாம் நாள், ஓடும் நீருக்கு முதுகைக் கொடுத்தார்.

“இருக்கிறது.”

மூன்றாம் நாள், எருமையைப் போலப் படிக்கல்லில் உரசினார்.

“இருக்கிறது. சிராய்ப்பும் இருக்கிறது.”

நான்காம் நாள், குச்சியில் பீர்க்கங்கூட்டைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார். உலகம்மை அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

“கையால் என்று சொன்னேன்.”

“எட்டவில்லை அம்மா. அளந்தே பார்த்துவிட்டேன். நாலு அங்குலம் குறைகிறது.”

“தெரியும்.”

“தெரிந்துமா அங்கே பூசினீர்கள்?”

“வலி அங்கேதானே இருக்கிறது?”

அன்று முழுக்க ஆவுடையப்பன் யாரோடும் பேசவில்லை. அது புதிதல்ல என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் கீழ்த்துறைக்கு நடந்தார்.

அங்கே ஆண்கள் வரிசையாக நின்று குளித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நிற்பவர் முதுகைப் பின்னால் நிற்பவர் தேய்த்தார். ஒருவர் பெயரை ஒருவர் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் இடுப்பளவு நீரில் அரைமணி நேரம் நின்றார். கேட்க வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்தார். மூன்றிலும் ‘தயவுசெய்து’ இருந்தது.

கடைசியில், பக்கத்தில் நின்ற வாழைக்காய் வியாபாரியிடம், “இந்த… முதுகு…” என்றார்.

“அட, திரும்புங்க அண்ணாச்சி! என்ன இது, முதுகுல வெள்ளாமையா பாக்கிய?”

சொரசொரப்பான, பெரிய கை. மண் கரைந்து சிவப்பாக ஓடிற்று. கரைந்த பிறகும் கை நிற்கவில்லை.

“வலிக்கா?”

“இல்லை.” ஆவுடையப்பன் திரும்பாமலே சொன்னார். “இன்னும் கொஞ்சம்.”

வியாபாரி சிரித்தார். பிறகு சோப்பை அவர் கையில் திணித்துவிட்டுத் தன் முதுகைக் காட்டினார்.

“நல்லா அழுத்தித் தேயுங்க அண்ணாச்சி. நமக்கும் அங்க எட்டாது.”

மேலே வைத்தியசாலையில், முதுகைப் பார்ப்பதற்காக உலகம்மை காத்திருந்தார். உச்சிவேளை தாண்டியும் ஆவுடையப்பன் கீழ்த்துறையை விட்டு ஏறி வரவில்லை. அவருக்கு எடுத்து வைத்த கஞ்சி ஆடை கட்டிவிட்டது.