இறங்காத செல்

மந்தைக்குளத்தில் மூளைக்கு மட்டும்தான் பஞ்சம். சங்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. அங்கே காட்டுப்பன்றிக் காவல் சங்கம் என்று ஒன்று இருந்தது. தலைவர் ஒச்சப்பன், செயலாளர் காத்தமுத்து, உறுப்பினர் பேயாண்டி. அவ்வளவுதான் சங்கம். மூன்று பேரின் அறிவையும் சேர்த்து ஒரு கோழிக்குக் கொடுத்தால் அது வழிதவறிப் போகும். ஆனாலும் ஊர்க் கடலைக்காடெல்லாம் இவர்கள் பொறுப்பில்தான் இருந்தது.

அந்த மாதம் சீனியம்மாளின் காட்டில் பாதியைப் பன்றி தின்றுவிட்டது. காவலுக்குப் போனவர்களின் டார்ச் பத்தே நிமிடத்தில் அணைந்துபோனதுதான் காரணம். சந்தையில் வாங்கிய புது பேட்டரி செல், மொத்தம் பன்னிரண்டு. பெருவிரல் பருமனில் சிவப்பாக, மேலே 9900 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"சனிக்கிழமை கடலை பிடுங்க ஆள் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் டார்ச் எரியணும்" என்றாள் சீனியம்மாள். "மிச்சமும் போச்சுன்னா நானும் என் மகளும் இந்த வருஷம் மண்ணைத்தான் திங்கணும்."

மூவரும் செல்களை அள்ளிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். பேட்டரி வண்டி பழுதுபார்க்கும் ரஷீத் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தனூண்டுல 9900 அளவுக்கெல்லாம் கரண்டு பிடிக்காதுண்ணே. மூணுல ஒரு பங்கு பிடிச்சாலே பெரிசு. நம்பரைப் போட்டு ஏமாத்தியிருக்கான். குடுத்துட்டுப் போங்க, சோதிச்சுச் சொல்றேன்."

"சோதிக்கிற முறையை மட்டும் சொல்லுங்க. மத்ததைச் சங்கம் பாத்துக்கும்" என்றார் ஒச்சப்பன்.

ரஷீத்துக்கு இவர்களைத் தெரியாது, பாவம். சொல்லிவிட்டார். "முதல்ல முழுசா ஏத்துங்க. ஏத்தினதும் கொஞ்சம் ஆற விடுங்க. அப்புறம் ஒரு லோடு குடுத்து இறக்குங்க. இறங்க எவ்வளவு நேரமாகுதுன்னு பாருங்க. சட்டுன்னு இறங்கினா டுப்ளிகேட். இறங்க நேரமாக ஆக நல்ல செல்."

சார்ஜைத்தான் சொல்கிறார் என்று ஆட்டுக்குட்டிக்குக்கூடப் புரிந்திருக்கும். காத்தமுத்து ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டான்.

ஊருக்கு வந்ததும் கூட்டம் போட்டார்கள்.

"முழுசா ஏத்தணும்னா எது வரைக்கும் தலைவரே?"

"பாதி மரம் ஏத்தினா அது பாதி. உச்சிக்கு ஏத்தினாத்தான் முழுசு."

சீனியம்மாளின் வரப்போரத்துத் தென்னையில் பேயாண்டி பன்னிரண்டு செல்லையும் சாக்கில் கட்டி ஏற்றினான். ஆற விட வேண்டுமே. ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்து அரை மணி நேரம் விசிறினான்.

"லோடுக்கு ட்ராக்டர் சொல்லணுமா?" என்று கேட்டான் காத்தமுத்து. "லோடுன்னா செங்கல் லோடுதானே?"

"செல்லு பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கு, அதுக்குப் போய் ஒரு ட்ராக்டரா? ஆளுக்கு ஒரு செங்கல் போதும்" என்று தலைவர் கருணை காட்டினார்.

கயிற்றில் செங்கல் மேலே போனது. செல்லைச் செங்கலோடு கட்டிப் பேயாண்டி கைவிட்டான். ஒரு தும்மல் நேரத்தில் தரைக்கு வந்தது. 'டுப்ளிகேட்' என்று காத்தமுத்து எழுதினான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஒச்சப்பனின் பாதத்தில் இறங்கியது. அவர் நொண்டி நொண்டி மரத்தை மூன்று சுற்று சுற்றினார்.

"கால்ல விழுந்துருச்சே தலைவரே, பாஸ் போட்டுரலாமா?"

"கால்ல விழுந்தா மன்னிக்கலாம். பாஸ் போட முடியாது" என்றார் ஒச்சப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஏழாவது செல் மட்டைக்குள் சிக்கிக்கொண்டது. காத்திருந்தார்கள். உச்சிவெயில் வந்தது, போனது. மறுநாளும் விடிந்து வெயில் ஏறியது.

"எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"இருபத்தாறு. இன்னும் இறங்கல."

ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு செல்லை அவர் தன் ஆயுளில் கண்டதில்லை.

சீனியம்மாள் வந்து பார்த்தாள். "அதை எடுத்து டார்ச்சுல போட்டுத் தொலைங்களேன்யா. நாளைக்கழிச்சு சனிக்கிழமை."

"எடுத்தா இறங்கிருமே ஆத்தா. இறங்கினா டுப்ளிகேட்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அப்போதுதான் பேயாண்டிக்கு யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வருவது ஊருக்கு நல்லதல்ல. "அந்த ஒண்ணு இறங்காததுக்கு அது இருக்கிற இடம்தான் தலைவரே காரணம். மத்த பதினொண்ணையும் அங்கேயே வச்சு இறுக்கிக் கட்டிருவோம்."

தென்னங்கயிறு வாங்கி, பொழுது போகும்வரை கட்டினார்கள். பன்னிரண்டில் ஒன்றுகூட இறங்கவில்லை. பன்னிரண்டுக்கும் காத்தமுத்து 'முதல் தரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தது. மூவரும் காலி டார்ச்சுகளோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டில் நின்றார்கள். பன்றிகள் குட்டிகளோடு வந்து கடலையில் இறங்கின.

"டார்ச்சை அடிங்கய்யா" என்று தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடிவந்தாள் சீனியம்மாள்.

மூவரும் ஒரே நேரத்தில் சுவிட்சை அமுக்கினார்கள். கும்மிருட்டு. பன்றிகள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒச்சப்பன் தென்னை உச்சியைப் பெருமையோடு அண்ணாந்து பார்த்தார். "பதறாத ஆத்தா. நல்ல செல்லு, வெளிச்சம் சட்டுன்னு இறங்காது. பன்னி எங்க போயிறப் போகுது? கடலை தீர்ற வரைக்கும் இங்கனதான் இருக்கும்."