பனிச்சரிவை ஒவ்வொருவராகக் கடப்பது ஏன்?

அந்தக் காலத்தில், ஆடுகள் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்தபோது, பனிமலைக்கு அப்பாலிருந்து உப்பு ஆட்டின் முதுகில்தான் வரும். முன்னால் போகிற ஆட்டின் வாலில் மூக்கு இடிக்க ஒட்டிக்கொண்டு நடப்பது அவற்றின் வழக்கம். வழியில் அந்த வாலைத் தவிர வேறெதையும் அவை பார்த்ததில்லை.

உப்பு வியாபாரம் செய்த யாங்சிக்கு எதையும் கிளறிப் பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும். அவள் கணவன் நம்காவுக்கோ ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

ஒரு நாள் பெரிய சரிவொன்று வழிமறித்தது. முந்தின நாள் முழுக்க அடித்த காற்று, மலையின் மறுபக்கத்துப் பனியை வாரி இங்கே கொட்டியிருந்தது. யாங்சி காலை வைத்ததும் அடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டது.

"என்னங்க அது?"

"மலைக்கு வயிறு சரியில்லை. வெயில் அடிக்குது, கிளம்பு."

அவள் கேட்பாளா? உப்பு அள்ளும் மரக்கரண்டியால் தோண்டினாள். மேலே பலகை மாதிரி இறுகிய பனி. அதற்குக் கீழே பொலபொலவென்று மணிகள். கையில் அள்ளினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் உருண்டோடின.

"அப்படியே கல்லுப்புங்க! உப்புக் குவியல்மேல பலகையைச் சாய்ச்சா நிக்குமா?"

நம்காவின் முகம் செத்துவிட்டது. திரும்பிப் போகவும் வழியில்லை. வந்த பாதையில் ஒரு புல் மிச்சமில்லை, பின்னால் கருமேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. தங்கினால் மந்தையே பட்டினியில் மடியும்.

"மொத்தமா மிதிச்சா தாங்காது. ஒவ்வொருத்தரா போவோம்," என்றாள் யாங்சி.

மந்தையின் தலைவனான கிடாவுக்கு வந்ததே கோபம்! "தனியாவா? எங்க பரம்பரையிலேயே கிடையாது!"

"நீ போறவரைக்கும் நாங்க எல்லாரும் உன்னையே பார்த்துட்டிருப்போம். அதுதான் துணை."

"பார்வை என்ன கயிறா, பிடிச்சு இழுக்க?"

யாங்சி பிடித்த பிடியை விடவில்லை. கிடா முணுமுணுத்துக்கொண்டே கடந்தது. ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன, நம்காவும் கடந்தான். கடைசியாக யாங்சி இறங்கி நடுவே வந்தபோது மறுபடி 'தொம்' என்றது. சரிவு விரிசல் விட்டு அவளையும் வாரிக்கொண்டு கீழே பாய்ந்தது.

எங்கும் ஒரே வெள்ளை. நம்கா பைத்தியம் பிடித்தவன்போல் கண்ட இடத்தில் தோண்டினான். "யாங்சி, எங்கே இருக்கே?" என்று அழுதான்.

"அங்கே இல்லை!" என்று கிடா கத்தியது. "அந்தக் கரும்பாறைக்கு இந்தப் பக்கம்தான் முங்கினாள். நான் கண்ணை எடுக்கவே இல்லை!"

மந்தை முழுதும் அங்கே பாய்ந்து குளம்பால் பனியைப் பறித்தது. முதலில் ஒரு கை தெரிந்தது, பிறகு நீலம் பாரித்த முகம். யாங்சி இருமினாள், மூச்சு விட்டாள்.

"எவ்வளவு ஆழத்துல கிடந்தேன்?" என்று கேட்டாள். நம்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டான்.

அன்று முதல்தான், பனிமலையில் சரிவை ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள்; ஒருவர் இறங்கினால், அவர் மறுபுறம் சேரும்வரை மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்று பார்க்கிறார்கள்.