அடுப்பு எரியாத நாளில் ஒரு பழக்கலவை

கீழைமங்கலம் அரண்மனையில் வருடத்துக்கு ஒரு நாள் அடுப்பு எரியாது. பழைய அடுப்புகளை இடித்துவிட்டுப் புதுமண் பிசைந்து போடுவார்கள். அது காயும்வரை கோட்டைக்குள் யாரும் தீ மூட்டக்கூடாது என்பது மூன்று தலைமுறைக் கட்டளை. ராஜாவானாலும் அன்றைக்கு ஊறவைத்த அவல்தான்.

அந்த நாளாகப் பார்த்துத்தானா வரவேண்டும்? இளவரசியைத் தம் மகனுக்குப் பெண் கேட்க நாளை வரவேண்டிய மலைநாட்டு மன்னர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். ஆற்றங்கரையில் பல்லக்கு இறங்கியாயிற்று, இரண்டு நாழிகையில் வாசலில் இருப்பார் என்று ஆள் ஓடிவந்து சொன்னான். அவர்கள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. போன வீட்டில் இனிப்பைத் தொட்ட பிறகுதான் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். இனிப்பு வரவில்லையென்றால், இவர்களுக்குச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

மன்னர் திருமுடிராயர் மடைப்பள்ளி அதிகாரி உலகளந்தாரைக் கூப்பிட்டார். உலகளந்தாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தாம் கைவைக்காமல் இந்த ராஜ்யத்தில் ஒரு ஈகூட இனிப்பு தின்ன முடியாது என்று காட்டிக்கொள்ள இதைவிட நல்ல நாள் வாய்க்காது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அடுப்பில்லாமல் இனிப்பு செய்ய அந்தப் பிரம்மாவாலும் ஆகாது என்று கையை விரித்தார்.

சபையிலிருந்து சாத்தப்பன் எழுந்தான். மன்னருக்கு மனம் சலித்தால் சிரிக்கவைப்பதும், சிக்கல் வந்தால் யோசனை சொல்வதும் அவன் வேலை. போன மாதம்தான் உலகளந்தாரின் பாயசத்தைக் குடித்துவிட்டு, இதை மதில் கட்ட அனுப்பினால் செங்கல் நன்றாக ஒட்டுமே என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். அந்தப் புண் உலகளந்தாருக்கு இன்னும் ஆறவில்லை. பழம் இருக்கிறது, தேன் இருக்கிறது, நான் செய்கிறேன் என்றான் சாத்தப்பன்.

"செய்யாவிட்டால்?" என்று கேட்டார் உலகளந்தார்.

"செய்யாவிட்டால் நாளையிலிருந்து உம்முடைய மடைப்பள்ளியில் மாவாட்டட்டும்," என்றார் மன்னர். மகள் கல்யாணம் கைநழுவிப் போகிற பதற்றம் அவருக்கு.

உலகளந்தாருக்கு ஆட்டுக்கல் சுற்றும் சத்தம் அப்போதே காதில் கேட்டது. சூட்டோடு சூடாக அடுத்ததையும் போட்டார். "விருந்தாளி வாயில் படுகிற எதையும் முதலில் நான் ருசி பார்க்கவேண்டும், மகாராஜா. பார்த்து ஒரு நாழிகை கழிந்தும் நான் உயிரோடு இருந்தால்தான் பரிமாறலாம். இந்த விஷச் சோதனையை மட்டும் யாருக்காகவும் தளர்த்த முடியாது."

நறுக்கிய வாழைப்பழம் ஒரு நாழிகையில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? கறுத்துப்போய், நீர் விட்டு, கூழாகிவிடும். அதைக் கண்ணால் பார்த்தாலே மலைநாட்டார் பல்லக்கைத் தேடுவார்.

சாத்தப்பன் மறுப்பே சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான், இப்போதே ஆரம்பித்துவிடலாமே என்றான். ஒரு சீப்பு மலைவாழை, ஒரு கூடை மாம்பழம், தேன், தேங்காய்த் துருவல், பொடித்த கற்கண்டு, ஏலப்பொடி எல்லாவற்றையும் தனித்தனியாக அவர் முன்னால் பரப்பினான்.

அடி முட்டாளே, என்று நினைத்துக்கொண்டார் உலகளந்தார். சாமானை ருசி பார்த்து என்ன ஆகப்போகிறது, செய்த பண்டத்தையல்லவா பார்க்கவேண்டும். ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. காலையிலிருந்து அவர் வயிற்றிலும் ஒரு பிடி அவல்தான் கிடந்தது.

விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தால் போதும் என்பது சட்டம். கடமையில் குறை வைக்கக்கூடாது என்று உலகளந்தார் மூன்று வாழைப்பழம் தின்றார். பெரிய மாம்பழம் ஒன்றைக் கொட்டை வெளுக்கும்வரை சப்பினார். தேனை வழித்தார், தேங்காயை அள்ளினார், கற்கண்டில் இரண்டு கை போட்டுக்கொண்டார், ஏலத்தையும் விடவில்லை. சந்தேகமே இருக்கக்கூடாது, இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்று சாத்தப்பன் பக்கத்தில் இருந்து பரிவாக உபசரித்தான். அவரும் சந்தேகம் தீரும்வரை பார்த்தார்.

அப்புறம் சாத்தப்பன் நாழிகை வட்டிலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். கத்தியைக் கையால் தொடவில்லை. உலகளந்தாருக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

ஒரு நாழிகை கழிந்தது. மலைநாட்டு மன்னரும் வந்து சேர்ந்தார். அவர் கால் கழுவி ஆசனத்தில் அமர்வதற்குள் சாத்தப்பன் அவர் கண்முன்னாலேயே பழங்களைத் தோல் சீவி நறுக்கி, வெள்ளிக் கிண்ணத்தில் போட்டுத் தேனை ஊற்றினான். மேலே தேங்காய்ப்பூ, கற்கண்டு, ஏலம் எல்லாம் தூவி நீட்டினான். புகை வாசனையே இல்லாத அரண்மனையில் மாம்பழம் கமகமத்தது. விருந்தாளி ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"பொறுங்கள்," என்றார் உலகளந்தார். "நான் பார்த்தது தனித்தனிச் சாமான். கலந்ததைப் பார்க்கவில்லை. தனியே நல்லதாக இருப்பது சேர்ந்தால் விஷமாகலாம். நான் ருசி பார்த்து இன்னொரு நாழிகை ஆகவேண்டும்."

துண்டு அந்தரத்தில் நின்றது. விஷம் என்று காதில் விழுந்தால் யார்தான் சாப்பிடுவார்? திருமுடிராயரின் முகம் இருண்டது. சாத்தப்பனை அவர் பார்த்த பார்வையில் ஆட்டுக்கல் தெரிந்தது.

சாத்தப்பன் கைகட்டி நின்றான். "ஐயா சொல்வது நியாயம். ஆனால் மகாராஜா, நான் இப்போதுதான் கலந்தேன். ஐயா வயிற்றில் இது ஒரு நாழிகையாகக் கலந்துகொண்டிருக்கிறது. அதுவும் இந்தக் கிண்ணத்தைப்போல நான்கு மடங்கு. விஷமாக இருந்தால், பொறுங்கள் என்று சொல்ல ஐயா இருந்திருக்கமாட்டாரே."

சபை முழுவதும் உலகளந்தாரின் வயிற்றைப் பார்த்தது. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதிலை முந்திக்கொண்டு நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. மாம்பழமும் தேனும் ஏலமும் சரியாகக் கலந்து மணத்தன.

முதலில் சிரித்தவர் மலைநாட்டு மன்னர்தான். சிரித்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்து, பெண்ணின் ஜாதகத்தைக் கொண்டுவரச் சொன்னார். திருமுடிராயர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சாத்தப்பனுக்குப் போர்த்தினார்.

விருந்தாளிக்கு இன்னொரு கிண்ணம் தேவைப்பட்டது. அதையும் முடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் செய்யச் சொல்லவேண்டும், இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார்.

"உலகளந்தார் கலவை," என்றான் சாத்தப்பன். "முதலில் கலந்தவர் அவர்தானே."